குளியலறைச் சுவரில் ஒரு துளை

அந்த ஜன்னலை அடைத்தவன் நான்தான். யாரும் என்னை அப்படிக் குற்றம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் இந்த விஷயத்தைச் சொல்ல உட்கார்ந்தால் நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டின் பின்பக்கம், கீழே இரண்டு அறைகளில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் எனக்கு ஒயர்மேன் வேலை. வீட்டுக்காரர் முஸ்லிம் வியாபாரி. தோணிகளுக்கு வேண்டிய கயிறும் தார்ப்பாயும் விற்பவர். அவரை நாங்கள் பாய் என்போம். அவர் மனைவியைப் பாயம்மா. கீழே முன்பக்கம் முழுக்கக் கயிற்றுக் கிடங்கு, மாடியில் அவர்கள் குடும்பம். வீடே தாரும் தேங்காய் நாரும் கலந்து மணக்கும். வந்த புதிதில் என் மனைவிக்கு அது குமட்டிற்று. பிறகு பழகிவிட்டது.

பாயம்மாவுக்கு முழங்கால் வலி. ஏறி இறங்க முடியாது என்பதற்காகவே மாடியில் ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் வேறு எந்த மாடியிலும் அப்படி ஒன்று இல்லை. சின்ன அறை. மூலையில் செம்பு பாய்லர். அதன் நடுவில் ஒரு குழாய். அதில் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் சுடும். தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல். பக்கத்து மனை வெறுமனே கிடந்தவரை அந்த ஜன்னலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் அந்த மனையை வாங்கி வீடு கட்டினார். மேலே ஒரு மாடியும் எடுத்தார். அவர் மாடி வராந்தாவில் நின்று கையை நீட்டினால் பாய் வீட்டு ஜன்னலைத் தொட்டுவிடலாம் போல் இருந்தது.

பாயம்மா ஒருநாள் படிக்கட்டில் நின்றபடி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, அந்த ஜன்னலை அடைச்சிக் குடு."

"கதவு போட்டுத் தரட்டுமா, பாயம்மா? வேணும்னா தொறந்துக்கலாம்."

"தொறக்கிற மாதிரி இருந்தா எவளாவது தொறந்துடுவா. அடைச்சிடு. ஊசி மொன வெளிச்சம் வரக்கூடாது."

கிடங்கில் கிடந்த தேக்குப் பலகையை அளந்து அறுத்து, சட்டத்தோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். விளிம்பு முழுவதும் தார்த் துணியைத் திணித்து மக்குச் சாந்து பூசினேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பார்த்தேன். என் விரல் எனக்குத் தெரியவில்லை. செய்த வேலையைப் பார்த்து எனக்கு அத்தனை திருப்தி.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் காலத்தில் யார் பாய்லர் பற்றவைக்கிறார்கள்?

மழைக்காலம் வந்தபோது பாயின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை பிறந்து இருபது நாளிருக்கும். தினமும் வெந்நீர்க் குளியல். குளித்ததும் தலைக்குச் சாம்பிராணி. அதுவரை பாயம்மா கதவை ஒருக்களித்து வைத்துக் கூடவே நின்று குளிப்பாட்டினார்; அன்றுதான் அவள் தனியாகத் தாழ் போட்டுக்கொண்டாளாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. பாய் கடைக்குப் போய்விட்டார். வெளியே சாரல். நான் கீழே ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாடியில் பாயம்மா கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையாலும். என் மனைவி ஓடினாள். போன வேகத்தில் திரும்பிப் பாதிப் படியில் நின்று கூப்பிட்டாள்.

"இன்னாங்க, உளி எட்த்துகினு மேல வாங்க. பாத்ரூம்ல அந்தப் பொண்ணு கூப்ட்டா பேச மாட்டேங்குது."

ஜன்னல் அடைத்த நாளைத் தவிர அந்த மாடிக்கு நான் ஏறியதில்லை. பெண்கள் இருக்கும் இடம். அன்று எதையும் யோசிக்கவில்லை. கதவு தடித்த கதவு. தோளால் இடித்தேன், அசையவில்லை. சந்தில் உளியைக் கொடுத்து நெம்பியதில் உள்தாழ்ப்பாளின் ஸ்க்ரூ பிய்ந்துகொண்டு வந்தது. பாயம்மா தன் மேல் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி முதலில் உள்ளே எறிந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினேன். அவரும் என் மனைவியும் அந்தப் பெண்ணைத் துணியில் சுற்றி மொட்டைமாடிக்கு இழுத்துப் போனார்கள்.

ஒரு நிமிஷம் நான் அந்த வாசலில் நின்றேன். உள்ளே புகையே இல்லை. கொஞ்சம் சாம்பிராணி வாசனை, கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். பாய்லர் குழாயில் கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. புகை இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சாரலில் நனைந்தபடி அவள் கண் திறந்தாள் என்று என் மனைவி வந்து சொன்னாள். முகம் குங்குமம் பூசியதுபோல் சிவந்திருந்ததாம். வாந்தி எடுத்தாளாம். பிறகு "புள்ள எங்க?" என்று கேட்டாளாம்.

அடுத்த தெருவிலிருந்து ஒரு லேடி டாக்டரை அழைத்து வந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு அவர் நேராகக் குளியலறைக்குப் போனார். நாலு சுவரையும் பார்த்தார்.

"இந்த ரூமுக்கு ஜன்னல் எங்கே?"

பாயம்மா பலகை அடித்த இடத்தைக் காட்டினார்.

"நான் அடைச்சேன் டாக்டரம்மா," என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "கரி நல்லா எரிஞ்சா புகை கண்ணுக்குத் தெரியாது. வாசனையும் இருக்காது. மூடின ரூம்ல அது ஆளைத் தூங்கவைக்கிற மாதிரி கொன்னுடும். இன்னும் கால் மணி ஆகியிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்லை," என்று சொல்லிவிட்டு மருந்து எழுதப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு மேலே போய், பாயம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பலகையைக் கழற்றினேன். எதிரே கிரேன்காரர் வீட்டு வராந்தாவில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பலகையைக் கழற்றியதால் பிரச்சினை தீரவில்லை. ஜன்னல் திறந்திருந்தால் பெண்கள் அங்கே குளிக்கப் போவதில்லை. பாயின் மகளோ ஜன்னல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறை வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்றாள். அவள் படுக்கும் அறைக்குள்ளேயே ஒரு பெரிய தாம்பாளத்தில் உட்காரவைத்து உடம்பைத் துடைத்துவிட்டார்கள். பாய்லரைப் பற்றவைக்க யாருக்கும் துணிவில்லை; வெந்நீர் கீழே எங்கள் அடுப்பில் காய்ந்தது. என் மனைவி குடத்தில் தூக்கிக்கொண்டு படியேறினாள். இரண்டாம் நாள் படியில் கால் வழுக்கி, தண்ணீர் முழுக்கச் சுவரில் போயிற்று. அவள் மேல் விழவில்லை. நாற்பதாம் நாள் குளிப்புக்கு மருமகன் வீட்டார் வரப்போகிறார்கள். அதற்குள் என்ன செய்வது என்று பாய்க்குக் கவலை.

நான் அவர் கடைக்கே போனேன்.

"பாய், ஒண்ணு சொல்றேன். கப்பல்ல சமையல் ரூம்ல ஜன்னலே இருக்காது. ஆனா உள்ள நாலு பேரு நின்னு சமைக்கிறான். சுவத்தில ஒரு ஃபேன் வச்சிருப்பாங்க. உள்ள இருக்கிற காத்தை இழுத்து வெளிய தள்ளிகினே இருக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன்னு பேரு. நம்ம பாத்ரூமுக்கு அத வச்சிடலாம். ஜன்னலை மறுபடி மூடிக்கலாம்."

பாய் கயிற்றை அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"ஃபேன் வைக்க சுவத்தில ஓட்டை போடணும்ல?"

"ஆமா பாய். கூரைக்குப் பக்கத்தில. ஒரு அடி வட்டம்."

"ஓட்டைக்குப் பயந்துதானே ஜன்னலையே மூடினோம்."

"வெளிப்பக்கம் வளைஞ்ச தகரக் குழாய் வைக்கிறேன். முழங்கை மாதிரி மேல பாத்து வளைஞ்சிருக்கும். காத்து வளைஞ்சி போவும், பார்வை வளைஞ்சி வராது."

அது அவருக்குப் பிடித்திருந்தது போலும். மீசைக்குள் லேசாகச் சிரித்தார். உடனே முகம் மாறிற்று.

"தண்ணி ஊத்திக் குளிக்கிற இடத்தில கரண்டா, தம்பி?"

"சுவிட்சு வெளிய இருக்கும். ஃபேன் கைக்கு எட்டாது. எர்த் ஒயர் தனியா கீழ வரைக்கும் எறக்கி மண்ணுல பொதைக்கிறேன்."

அவர் என்னையே பார்த்தார். "உன் வீட்டுப் பொண்ணை அதுக்குள்ள அனுப்புவியா?"

"மொதல்ல அவதான் குளிப்பா, பாய்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னைக் கேட்டியா நீ?" என்றாள். கோபம் வந்தால்தான் என்னை நீ என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒழுங்கா மாட்டு," என்றாள்.

புது ஃபேன் வாங்கப் பெரிய கம்பெனிகளிடம் எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. துறைமுகத்துக்கு வெளியே வரிசையாகக் காயலான் கடைகள் உண்டு. உடைத்த கப்பல்களின் சாமான்கள் வந்து குவியும். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் சாக்கை விலக்கிக் காட்டினார். பித்தளை இறக்கைகளோடு ஓர் அழகான ஃபேன்.

"வெள்ளக்காரன் கப்பல்து, நைனா. இது மாரி நீ எங்கியும் பாக்க முடியாது."

தகட்டைத் துடைத்துப் படித்தேன். கப்பலில் ஓடுவது ஒரு வகை மின்சாரம். எங்கள் தெருவுக்கு வருவது வேறு வகை. ஒன்றுக்குச் செய்த மோட்டாரை மற்றொன்றில் மாட்டினால் கருகிவிடும்.

"இது டீசி. வூட்ல ஏசி."

"அதெல்லாம் ஓடும்பா. மாட்டித்தான் பாரேன்."

"மாட்னா பொகதான் வரும். பொகைய வெளிய அனுப்பத்தான் நான் ஃபேன் தேடிகினு கீறேன்."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பிலேயே உள்ளே போய், மூடிவிட்ட ஏதோ ஒரு டாக்கீஸில் படம் ஓட்டுகிற அறையில் இருந்ததாகச் சொல்லி இன்னொன்றைத் தூக்கி வந்தார். இரும்புச் சட்டம், நாலு இறக்கை, பச்சைப் பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருந்தது. தகட்டைப் பார்த்தேன். எங்கள் தெரு மின்சாரம்தான். கையால் சுற்றிவிட்டேன், சத்தமில்லாமல் சுற்றி, நிதானமாக நின்றது. அதையே எடுத்துக்கொண்டேன்.

பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு இடைவேளையில் பிரித்துக் கழுவினேன். புது எண்ணெய் விட்டேன். ஃபோர்மேனிடம் கேட்டு மெக்கர் பெட்டியை எடுத்து, உள்ளே சுற்றியிருக்கும் கம்பியிலிருந்து வெளி இரும்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று பார்த்தேன். ஒருமுறை பார்த்தால் போதும். நான் மூன்றுமுறை பார்த்தேன். பட்டறைத் தகர வேலைக்காரர் வளைந்த குழாயைச் செய்து கொடுத்தார். உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி.

அந்த ஞாயிறு போய் இரண்டாவது ஞாயிறு காலையில் சுவரை உடைக்க ஆரம்பித்தேன். அது சுண்ணாம்புக் காரை போட்ட பழைய சுவர், சிமென்டைவிட மோசம். உளி துள்ளித் துள்ளி வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து முதல் வெளிச்சம் தெரிந்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து கிரேன்காரர் குரலும் சேர்ந்து வந்தது.

"இன்னாப்பா, என் வூட்டுப் பக்கம் ஓட்ட போட்றே?"

நான் ஏணியை விட்டு இறங்கி அவர் வீட்டுக்கே போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் மனைவியும் வந்து நின்று கேட்டாள். அன்று அரிசி புடைத்தவள்தான்.

"சரி, பொக எங்க வூட்டுக்குள்ள வராதா?" என்றார் அவர்.

குழாயைக் காட்டினேன். "மேல போய்டும். உங்க மாடிக்கும் மேல."

அவர் குழாயை வாங்கி இரண்டு பக்கமும் கண் வைத்துப் பார்த்தார். கிரேன் ஓட்டுகிறவர், இரும்பு பார்த்தால் புரிந்துகொள்வார். தன் ஏணியையே எடுத்துச் சாத்தி, தானே மேலே ஏறிக் குழாயைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளிருந்து முடுக்கினேன். ஜன்னலுக்கும் பலகையைத் திரும்ப மாட்டினேன்.

ஆனால் பாயம்மாவுக்கு மனது ஆறவில்லை. வெளியிலிருந்து தெரியவே தெரியாது என்று ஆண்பிள்ளைகள் சொன்னால் எப்படி? அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். என் மனைவி குளியலறையில் முக்காலி மேல் ஏறி, ஃபேன் பக்கத்தில் லாந்தரைத் தூக்கிப் பிடித்து நின்றாள். கிரேன்காரர் மனைவி அவர்கள் வராந்தாவில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்தாள், உட்கார்ந்தாள், பெஞ்சியின் மேல் ஏறினாள். பாயம்மா மொட்டைமாடிச் சுவர் ஓரமாக நின்றார்.

"ஒண்ணுமே தெர்லம்மா. வெளக்கு வெளிச்சம்கூட தெர்ல," என்றாள் அவள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாங்க இன்னா, பாக்கறதுக்கா வூடு கட்னோம்? நீங்க ஜன்னலை மூடிக்கினப்பவே எனுக்கு மன்சு ஒரு மாரி ஆய்ட்ச்சி. பொண்ணு இப்ப எப்டி கீது?" என்றாள். அந்த வீடு வந்து ஒரு வருஷமாகியும் அவளும் பாயம்மாவும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மின்சார வேலைக்கு மேலும் இரண்டு சாயங்காலம் ஆயிற்று. கூடத்திலிருந்து சுவரோரமாக மர ரீப்பர் அடித்து, அதன்மேல் கிளிப் வைத்து ஒயரைக் கொண்டுவந்தேன். சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, கதவைத் திறப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்; ஈரக் கையோடு உள்ளிருந்து யாரும் தொட முடியாது. எர்த் ஒயரை மாடிச் சுவரோடு இறக்கி, கிணற்றடி ஈர மண்ணில் நாலடிக் குழாய் ஒன்றை அடித்து அதில் கட்டினேன். உப்பும் கரியும் போட்டு மூடினேன்.

சுவிட்சைப் போட்டபோது பாய், பாயம்மா, என் மனைவி மூவரும் இருந்தார்கள். மகள் தன் அறைக் கதவோரம் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். ஃபேன் ஒரு முனகலோடு கிளம்பி வேகம் பிடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நொடி, கிரேன்காரர் வீட்டில் வறுத்துக்கொண்டிருந்த மிளகாய் நெடி எங்கள் மூக்கில் ஏறிற்று. பாய்க்கு இருமல் நிற்கவில்லை. ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். அது வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷ ஒயர்மேன் நான். வெட்கத்தோடு அதைக் கழற்றி முன்பின்னாக மாற்றினேன்.

அடுத்து வந்ததுதான் உண்மையான சிக்கல். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அறை நடுவில் வைத்தேன். கதவு திறந்திருக்கும்போது புகை நூல் பிடித்தாற்போல் ஃபேனுக்குப் போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பார்த்தேன். ஃபேன் சுற்றுகிறது, புகை சோம்பலாக அங்கேயே வட்டமிடுகிறது. கதவைத் திறந்தால் போகிறது, சாத்தினால் நிற்கிறது. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், குழாயைச் சந்தேகப்பட்டேன். இறங்கி வந்து கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

"அடுப்புக்குக் கீழ வாய் இல்லேன்னா பொக எப்டி மேல போவும்?" என்றாள்.

"அதுக்கென்ன?"

"ஜன்னலையும் ஊசி மொன இல்லாம அடைச்சே. கதவும் கெட்டிக் கதவு. வெளிய போற காத்துக்குப் பதிலா உள்ள வர எங்க வழி வச்சே நீ?"

நான் எழுந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். கதவைக் கழற்றி அடிப்பாகத்தில் மூன்று விரற்கடை அறுத்தெடுத்தேன். அப்படியும் பார்வை போகாமலிருக்க, வாசற்படிக்கு முன்னால் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு பலகையைத் தள்ளி நிறுத்தினேன். மறுபடி ஊதுபத்தி. இந்தமுறை கதவைச் சாத்தியதும், புகை ஒரு கணம் தயங்கி, தரையிலிருந்து வந்த காற்றில் சாய்ந்து, நேராக மேலே ஏறி ஃபேனுக்குள் போய் மறைந்தது. ஊதுபத்தி முழுக்க எரிந்து தீரும்வரை நான் உள்ளேயே நின்று பார்த்தேன்.

அடுத்த நாள் பாய்லரைப் பற்றவைத்தோம். முதலில் நான். தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு முக்காலியில் ஏறி, ஓடுகிற ஃபேனின் இரும்புச் சட்டத்தைப் புறங்கையால் தொட்டேன். ஒன்றுமில்லை. உள்ளங்கையால் பிடித்தேன். ஒன்றுமில்லை. இறங்கி வந்தேன்.

பிறகு என் மனைவி துண்டோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் படிக்கட்டில், கதவைப் பார்க்காமல், ஆனால் காது கேட்கும் தூரத்தில் உட்கார்ந்தேன். பாயம்மா கதவருகில் முக்காலி போட்டுக்கொண்டார். உள்ளே தண்ணீர் மொள்ளும் சத்தம், அதற்கு மேல் ஃபேன் சத்தம். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்போதெல்லாம் நான் பாதி எழுந்தேன்.

"ஏம்மா?" என்று பாயம்மா கூப்பிடுவார்.

"கீறேன் பாயம்மா," என்று உள்ளிருந்து வரும்.

நாலாவது தடவைக்கு, "சோப்பு போட்டுகினு கீறேன், செத்த நேரம் சும்மா இருக்க விடுங்க," என்று பதில் வந்தது. பாயம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த இரண்டு வாரத்தில் எனக்கு வந்த முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

அவள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தலை வலிக்கிறதா, கண் இருட்டுகிறதா என்று கேட்டேன். பசிக்கிறது என்றாள்.

இதையெல்லாம் மகள் தன் அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து, நாற்பதாம் நாளுக்கு முந்தின காலை, அவளாகவே கேட்டாளாம். தாழ்ப்பாள் போட மாட்டேன், அக்கா வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும், கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று. அக்கா என்றது என் மனைவியை. நான் பட்டறைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கீழே கிணற்றடியில் நின்றேன். மேலே தகரக் குழாயின் தொப்பிக்கடியில் வெப்பம் அலையலையாக நடுங்கி எழுவது தெரிந்தது. அறைக்குள் தங்கியிருக்கக்கூடிய அந்தக் காற்று, ஆகாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

பாய் கடையிலிருந்து பாதியில் வந்துவிட்டார். தெருமுனையிலேயே ஃபேன் சத்தம் கேட்டதாம்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான், தம்பி," என்றார் என் பக்கத்தில் வந்து நின்று.

"இருக்கட்டும் பாய். சத்தம் நின்னுட்டா கரண்ட் போச்சின்னு அர்த்தம். உடனே கதவைத் தொறந்துட்டு வெளிய வந்துடணும். சத்தம் இல்லேன்னா கரி பத்தவைக்கவே கூடாது. வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க."

தலையாட்டினார். மனதில் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். "பாய், நான் கரண்ட்டு வேலை செய்றவன். கப்பல்ல காத்துக் குழாய் இல்லாத ரூமை நான் பாத்ததில்ல. அந்த ஜன்னலை மூடும்போதே எனக்குத் தோணியிருக்கணும்."

"மூடச் சொன்னது நாங்கதானே."

"அவ்வளவு கெட்டியா மூடினது நான்."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கதவை ஒடைச்சதும் நீதான்," என்றார். "மத்ததெல்லாம் அல்லா பாத்துக்குவான். நீ அதையே நெனைச்சிகிட்டு இருக்காதே." என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கிடங்குக்குள் போனார். அங்கே கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மேலே "அக்கா", "ம்", "அக்கா", "ம்" என்று கொஞ்ச நேரம் மாறிமாறிக் கேட்டது. பிறகு கூப்பிடுவதும் பதிலும் குறைந்து, இருவரும் ஏதோ கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தது. கதவுக்கு உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. தண்ணீர் தாராளமாக விழும் சத்தம். பயந்தவர்கள் அப்படித் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

எனக்கு அப்போதுதான் கால் வலி தெரிந்தது. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தேன். பசித்தது. காலையில் மனைவி மூடி வைத்த பழையதும் ஊறுகாயும் உள்ளே இருந்தது. எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஈரத் தலைமுடி வெயிலில் விரிந்தது. அந்தப் பெண் அந்த நாளுக்கு முன் என் காதுபடப் பேசியதில்லை. அன்றும் என்னோடு பேசவில்லை.

"அக்கா," என்றாள் உள்ளே பார்த்து, "பாய்லர்ல தண்ணி இன்னும் நெறைய இருக்கு. நீங்களும் தலைக்கு ஊத்திக்கிட்டே போங்களேன்."

என் மனைவி மேலிருந்து எட்டிப் பார்த்து, துண்டு கொண்டுவரச் சொன்னாள். கொடியிலிருந்து உருவி, படிவரை கொண்டுபோய்க் கொடுத்தேன்.